முன் அனுபவம்

"இதுக்கு முன்னாடி எந்த பேண்டுல இருந்திருக்கேம்மா?"

"உங்க முதல் பேண்டுல சார்."

புது டிரம்மர் தேடிச் சலித்துப்போயிருந்த ராக் பாடகருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த பேண்ட் கலைந்தபோது இந்தப் பெண் பிறந்தேயிருக்க மாட்டாள்.

"காதுல பூ சுத்தாதே. நாங்க மொத்தமே நாலு பேர். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"வாசிச்சுக் காட்டட்டுமா சார்?"

வேண்டாவெறுப்பாகக் கையைக் காட்டினார்.

அவள் குச்சிகளை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த பேண்டின் முதல் பாட்டுடைய தாளம்!

"அந்தப் பாட்டை நாங்க ரெக்கார்டே பண்ணலையே. யார் சொல்லிக் கொடுத்தா?"

"அம்மா. உங்களோட டிரம்ஸ் வாசிச்சவங்க. வெளியே உட்கார்ந்திருக்காங்க."

"எங்க டிரம்ஸ் அக்கா பொண்ணா நீ?"

"ஆமா சார். நான் வயித்துல இருந்தப்பகூட மேடை ஏறினாங்களே!" என்றாள் பெருமையாக.

மேடையில் வயிற்றுக்கு இடம் விட்டு டிரம்ஸைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வெளுத்துக்கட்டிய அக்கா அவர் கண்முன் வந்தார். இவர் தாளத்தை விட்டு முன்னால் ஓடும்போதெல்லாம், "டேய், உள்ளே இருக்கிறதுக்கே பொறுக்கல, உதைக்குது. நிதானமாப் பாடுடா!" என்று அதட்டுவார்.

பாடகர் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார்.

"உள்ளே வாங்க அக்கா! நாலு பேர்னு இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டிருந்திருக்கேன். வயித்துக்குள்ள இருந்து உதைச்சே என்னை நிதானமாப் பாட வெச்ச அஞ்சாவது ஆளு வந்தாச்சு!"