உடைந்த கால்வாய்

"எங்க தெருவுல கால்வாயே இல்ல சார். ஆனா போன வருஷமே கட்டி முடிச்சதா போர்டு வெச்சிக்கீறாங்க" என்றாள் சேக்காட்டு ஜுலைகா. போன மழையில் சாக்கடை வீட்டுக்குள் புகுந்து படுக்கை வரை நாறியது. கால்வாய் கட்டவே இல்லை என்று மாநகராட்சி மேலதிகாரிக்குப் புகார் அனுப்பி இரண்டு மாதமாகியும் யாரும் வந்து பார்க்கவில்லை.

மாநகராட்சி அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் தணிகைவேல் நாற்காலியைக் காட்டினார். "உக்காரும்மா. பட்ஜெட்ல ரெண்டு தலைப்பு இருக்கு. ஒண்ணு புது வேலை, இன்னொண்ணு பராமரிப்பு. காகிதத்துல உங்க கால்வாய் கட்டியாச்சு. அதனால புது வேலைக்கு ஒரு பைசா கேக்க முடியாது. பராமரிப்புல கேக்கலாம்."

"இல்லாத கால்வாய எப்டி சார் ரிப்பேர் பண்றது? கொழந்தையே பொறக்காம தடுப்பூசி போடற மாரி கீது!"

அவர் சிரித்தார். "எழுத்துலதாம்மா ரிப்பேர். தோண்டிப் புதுசாவே கட்டிடுவோம். 'கால்வாய் உடைஞ்சி கெடக்கு, சரி பண்ணுங்க'ன்னு ஒரு மனு குடும்மா, போதும்."

அந்தப் பொய்யைத் தன் கையால் எழுத ஜுலைகாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

பத்தாம் நாள் தபால் வந்தது. நிதி ஒதுக்கிவிட்டார்கள் என்று ஆவலாகப் பிரித்தாள்.

'கால்வாய் கட்டப்படவே இல்லை என்ற தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது. அது உடைந்துள்ளதாகத் தாங்களே மனு கொடுத்திருப்பதால், கட்டப்பட்டது உறுதியாகிறது.

விசாரணை அதிகாரி: தணிகைவேல், உதவிப் பொறியாளர்.'