பிறந்த ஆண்டுக்குப் பின் ஒரு கோடு

ஒன்பதாம் பக்கத்தில் என் கவிதை இருந்தது.

அட்டையில் ஃபெலிக்ஸின் பெயர் இருந்தது.

பக்கத்தைப் புரட்டினேன். அடுத்ததும் என்னுடையது. அதற்கடுத்ததும்.

நூலக அறிவியல் மாலை வகுப்பில் இன்று பட்டியலாக்கச் செய்முறை. அவரவர் தாய்மொழியில் ஆளுக்கொரு புத்தகம். அதற்கு ஒரு கார்டு எழுத வேண்டும். ருக்மிணி மேடம் தெலுங்குப் புத்தகங்களைக் கொடுத்து முடித்துவிட்டு, இருந்த ஒரே தமிழ்ப் புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். மெலிந்த புத்தகம். முன்னுரை இல்லை, நன்றி இல்லை.

வகுப்பில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் இப்போது நான் மட்டும்தான்.

முன்பு இரண்டு பேர் இருந்தோம். ஃபெலிக்ஸ் பகலில் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட வகுப்புக்கு ஓடி வருவார். நான் கவிதை எழுதுவது தெரிந்த ஒரே ஆள். ஈஸ்டருக்கு ஊருக்குக் கிளம்பும்போது அவராகவே கேட்டு வாங்கினார்.

"குடுங்க வர்ஷினி, ரயில்ல வாசிக்கேன். தூத்துக்குடி வரைக்கும் எனக்கு வேற என்ன சோலி?"

தட்டச்சு செய்து வைத்திருந்த தாள்களைக் கொடுத்தேன். எதிலும் என் பெயரைப் போடவில்லை. யார் கையிலாவது சிக்கினால் சிரிப்பார்கள். 'நல்லா இருக்கு' அல்லது 'நல்லா இல்லை', இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் திரும்பி வரவில்லை. நான் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. கவிதைகள் அவ்வளவு மோசம், முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு வகுப்பையே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் செய்தி அனுப்பத் துணிச்சல் வரவில்லை. அதன் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை.

திருடியிருக்கிறான்.

கடைசிப் பக்கம் வரை வேகமாகப் புரட்டினேன். பின்பெஞ்சு சரத், உன் புத்தகத்தில் பேய் ஏதாவது வருகிறதா என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தான். நான் திரும்பவும் ஒன்பதாம் பக்கத்துக்குப் போனேன்.

எழுந்து போனவரின் சூடு
இருக்கையில் இன்னும் இருக்கிறது.

மல்காஜ்கிரி பேருந்தில் நின்றபடி எனக்குத் தோன்றியது அது. நான் எழுதியதில் மூன்றாவது வரி ஒன்று உண்டு: 'உட்கார மனம் வரவில்லை.' புத்தகத்தில் அதைக் காணோம். வெட்டியிருக்கிறான்.

வெட்டிய பிறகு கவிதை இன்னும் நன்றாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

கோபத்திலும் எனக்கு முறை தவறாது. கார்டை எழுதினேன். முதல் வரியில் ஆசிரியர் பெயர், பின்னட்டையில் கொடுத்திருந்த பிறந்த ஆண்டு, அதன் பின் ஒரு கோடு. உயிரோடு இருப்பவர் என்றால் கோட்டுக்குப் பின்னால் இடத்தைக் காலியாக விட வேண்டும். விட்டேன்.

கார்டையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்கு நடந்தேன். இவை என்னுடைய கவிதைகள் மேடம். தேதியோடு என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, காட்டுகிறேன். இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கார்டைப் பார்த்துவிட்டார். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழில் அந்த ஊர்ப் பேச்சு எப்போதும் கலந்திருக்கும்; 'வேண்டாம்' என்பது 'நக்கோ' ஆகிவிடும்.

"காலியா விட நக்கோம்மா. அந்தப் பையன் ஈஸ்டர் அப்பவே போயிட்டான். உனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியவில்லை. எங்கே என்று கேட்டேன்.

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஊருக்குப் போன மறுநாளே பைக்கில் போகும்போது லாரி மோதிவிட்டதாம். போன வாரம்தான் தம்பி எட்வின் வந்து, அண்ணன் படித்த இடத்தில் இருக்கட்டும் என்று புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்போதுதான் மேடத்துக்கே விஷயம் தெரிந்ததாம். நானும் தமிழ் என்பதால் எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்தாராம். அதனால்தான் புத்தகத்தை எனக்குக் கொடுத்தாராம்.

ஃபெலிக்ஸின் பையில் அந்தத் தாள்கள் இருந்தனவாம். ஓரமெல்லாம் அவர் கையெழுத்தில் திருத்தங்கள். இவன் கவிதை எழுதுவான் என்று வீட்டில் யாருக்குமே தெரியாதாம்; அந்தத் தாள்களைத்தான் புத்தகமாகப் போட்டார்களாம். அவர் அம்மா தினமும் ஜெபம் முடித்ததும் அதில் ஒன்றைச் சத்தமாக வாசிக்கிறாராம். இறந்த தேதியை மட்டும் எங்கேயும் அச்சடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

"புத்தகத்துல போடாதது அவங்க இஷ்டம். கார்டுல நாம போட்டுத்தானேம்மா ஆகணும்" என்று மேடம் தன் பேனாவை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

கோட்டுக்குப் பின்னால் இந்த ஆண்டை எழுதினேன். அதற்கு முன்னால் இருந்த பெயரில் கை வைக்கவில்லை.

மேடம் கார்டை வாங்கிப் பெட்டியில் வைத்தார். அப்புறம் ஞாபகம் வந்தவராக, நீ ஏதோ சொல்ல வந்தாயே என்று கேட்டார்.

"கவிதை நல்லா இருக்கு மேடம்" என்றேன்.