பூத்த செடிகள்

குளிர் விட்டு வெயில் எட்டிப் பார்த்த முதல் ஞாயிறே மகனும் மருமகளும் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். அப்பா தனியாக இருந்த அந்த வீட்டில், மனைவி இறந்தபிறகு கொல்லைப்புறம் புதர் மண்டிக் கிடந்தது.

"அம்மா தோட்டம் இப்படியாப்பா கிடக்கணும்?" என்றான் மகன். அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இடுப்பு வலியை மறந்து கொத்தினார், எரு கலந்தார், பாத்தி கட்டினார். விதைப் பொட்டலத்தைப் பிரித்தபோது மருமகள் தடுத்தாள்.

"வெண்டைக்காயெல்லாம் எதுக்கு மாமா? காய்க்க ரெண்டு மாசம் ஆகும். பூத்த செடியாவே வாங்கிட்டு வந்திருக்கோம். தொட்டியோட புதைச்சிடலாம்."

"தொட்டியோடயா? வேர் எங்கம்மா ஓடும்? மூச்சு முட்டிச் செத்துடும்!"

"இன்னிக்குப் பளிச்சுனு தெரியணும் மாமா."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே அவசரம்தான் என்று சிரித்துக்கொண்டே அவரும் புதைத்தார்.

மாலையில் வாசலில் கார் நின்றது. முன்பின் தெரியாத ஒரு தம்பதியை மகன் நேரே பின்பக்கம் அழைத்து வந்தான்.

"தோட்டத்துக்காகவே இந்த வீட்டை வாங்கலாம்போல இருக்கு," என்ற அந்தப் பெண், மண் அப்பிய கையோடு நின்றவரைப் பார்த்தாள். "தோட்டக்காரரும் வீட்டோட இருப்பாரா?"

மகனே சொல்லட்டும் என்று அப்பா அவன் முகத்தைப் பார்த்தார்.

மகன் செடிகளைப் பார்த்தபடி சொன்னான்: "இல்லைங்க. அவருக்கு வேற இடம் பார்த்தாச்சு."