மூத்தம்மாவுக்கு ஒரு குடி

உம்மாவைப் பெற்ற மூத்தம்மா இறந்த நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு அவர் பெயரை எழுதப் பள்ளிவாசல் மரைக்கார் வந்தார். எங்கள் ஊரில் பெயரோடு தாய்வழிக் குடியையும் வாசிப்பார்கள்.

"குடி?" என்று கேட்டவர் தானே சிரித்தார். "ஹங்கேரிக்காரிக்கு என்ன குடி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பல்ல சமைக்கப் போன மூத்தாப்பாவ நம்பி வந்தவ. நாப்பது வருசமா இந்த ஊர்ப் பொம்புளையள்ட மையித்துக்கெல்லாம் கபன் துணி வெட்டினவ. அவவுக்கு மட்டும் குடி இல்லையா?"

"படிச்ச புள்ள, கோவப்படாதீங்க மகள்."

"குடி எழுதாட்டி கத்தமே வேணாம்."

உம்மா என் கையைக் கிள்ளினார். மரைக்கார் கொஞ்சம் யோசித்தார்.

"சரி, என்ட பொஞ்சாதிட குடியில எழுதுறன். இனி நீங்களும் அந்தக் குடிதான். சந்தோசமா?"

"ஓம்."

உம்மா அழுதே விட்டார். நாற்பது நாள் அலைந்த களைப்போடு மரைக்காரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அங்கே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"என்ட மகன் ஜுனைதீனும் நீங்களும் நாலு வருசமா கடிதம் எழுதுறது எனக்குத் தெரியும் மகள். அவனும் அவன்ட உம்மாட குடிதானே. ஒரே குடிக்குள்ள கலியாணம் இல்ல எண்டு படிச்ச புள்ளைக்குச் சொல்லவா வேணும்?"

உள்ளே உம்மா, எங்களுக்கும் குடி கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.