ஒரே கையெழுத்து

"நாற்பது பேரும் ஒரே மாதிரியா எழுதுவாங்க?"

ஆராய்ச்சி மாணவி தாள்களை மேஜைமேல் விசிறியடித்தாள். அடுத்த மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

புள்ளியியல் துறையில் ஆராய்ச்சி மாணவர்கள்தான் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வழிகாட்டி. இவளிடம் வந்து சேர்ந்தது ஓர் இரண்டாம் ஆண்டுப் பெண். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பாள். சலவை ஆலையில் வேலை செய்யும் நாற்பது பெண்களிடம் உடல்வலி பற்றிய கேள்வித்தாளை நிரப்பி வாங்கி வருவது அவள் வேலை.

"சொல்லு, யார் எழுதினது?"

"நான்தான்க்கா."

"நாற்பதையுமா?"

"ஆமாக்கா." குரல் கம்மியிருந்தது.

"கொஞ்சமாவது கூசுதா பாரு!" ஆராய்ச்சி மாணவி லேப்டாப்பைத் திறந்தாள். "கணக்குல பொய் எழுதுறது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் தெரியுமா? இப்பவே சாருக்கு மெயில் அனுப்புறேன். இன்னியோட உன் படிப்புக்கு முழுக்கு!"

பெண்ணின் கண் கலங்கியது. அடுத்த மேஜையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள்.

மெயில் பாதி முடிந்திருந்தபோது பெண்ணின் போன் அடித்தது.

"யாரு?"

"சலவை ஆலையிலேர்ந்துக்கா. அப்புறம் பேசிக்கிறேன்..."

"ஏன், குட்டு உடைஞ்சிடுமா? ஸ்பீக்கர்ல போடு!"

போட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் கத்தியது.

"கண்ணு, தொண்டை சரியாச்சா? இந்தச் சத்தத்துல ஒவ்வொருத்தி காதுலயும் கத்திக் கத்திக் கேட்டு எழுதினியே, ஒரு மாசமா! எங்கள்ல ஒருத்திக்காவது எழுதத் தெரிஞ்சா உன்னை இப்படிப் பாடாப்படுத்துவோமா? மாத்திரை போட்டுக்கோ, என்ன?"

போன் அடங்கியது. டீ குடித்தவர்கள் சங்கடத்தோடு எழுந்து வெளியே போனார்கள்.

ஆராய்ச்சி மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஒருத்திக்குக்கூடவா... எழுதத் தெரியாது?"

"தெரியாதுக்கா."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னடி? நான் பாட்டுக்குக் கத்துறேன், நீ பாட்டுக்கு நிக்கிறே!"

பெண் கதவைப் பார்த்தாள். வெளியே போனவர்கள் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகே வாயைத் திறந்தாள்.

"அவங்க முன்னாடி எப்படிக்கா சொல்றது? ரெண்டு வருஷம் முன்னாடி இதே ஆலையில நீங்க வாங்கின நாற்பது தாளும் லைப்ரரியில இருக்கு. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு கையெழுத்து."