மாப்பிள்ளை போட்ட டிக்

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி. ஏதாவது ஒன்றில்தான் டிக் போட வேண்டும்.

வீடு மாற்றித் தரும் லாரியில் இருபது வருடமாகச் சேர்ந்து பீரோ தூக்கிய இரண்டு பேர், நூலகத்தின் கீழ்த்தளத்தில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மச்சான். மற்றவர் அவருடைய தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. லாரியிலும் அவர்களுக்கு அதுதான் பெயர். சொந்தப் பெயரெல்லாம் சம்பளப் பட்டியலோடு சரி.

விஷயம் சின்னதில்லை. லாரி முதலாளியின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் உங்களில் யார் அதைப் பழகிக்கொண்டு வந்தாலும் மேசை வேலை அவருக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். மின்விசிறி உண்டு. மாடிப்படி கிடையாது. ஆனால் நாற்காலி ஒன்றே ஒன்றுதான்.

மச்சானுக்கு இடுப்பு போய் மூன்று வருடம். நாற்காலி என்று யாராவது சொன்னாலே கேட்கச் சுகமாக இருக்கும்.

அந்தப் பக்கம் எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டது என்று முதலாளியைக் கேட்டால், எதிலோ எழுதியிருக்கிறது, அது பாட்டுக்கு ஓடுகிறது என்றார். மச்சான் விடவில்லை. வேலையை விட்டுப் போனவருக்குக் காலையிலேயே போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மாப்பிள்ளையிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

நூலகத்தில் கணினி வகுப்பு நடத்தும் பெண் பொறுமையாக விளக்கினாள். ஜாவாஸ்கிரிப்ட் பார்ப்பவரின் கண் முன்னால் வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரியும், படம் நகரும், எழுதிய கையோடு பலன் தெரியும். பிஎச்பி எங்கேயோ இருக்கும் சர்வருக்குள் உட்கார்ந்துகொண்டு பக்கத்தைத் தயார் செய்து அனுப்பும். முதன்முதலில் கற்பவருக்கு இரண்டுமே சரிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றாள்.

மூன்றாவது மாடிக்கு ஏற்ற வேண்டிய வாஷிங் மெஷினைப் பற்றிக் கேட்பது போல இருவரும் தலையாட்டினார்கள்.

மாப்பிள்ளைக்கு ஜாவாஸ்கிரிப்ட் பிடித்துப்போயிற்று. பேரிலேயே கோட்டு சூட்டுக் களை இருக்கிறது, மற்றது பூச்சிமருந்து டப்பா மாதிரி இருக்கிறது என்றார். பேனா மூடியைக் கழற்றினார்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். நல்லதாகப் போயிற்று, மாப்பிள்ளை லேசானதையே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பிஎச்பி முரட்டுச் சாமானாம். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர்களுக்கு அது ஏறவே ஏறாதாம். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டக் கற்றவன்தான் என்றாலும், தான் எப்படியாவது மல்லுக்கட்டிப் பார்ப்பதாகச் சொன்னார்.

மாப்பிள்ளையின் பேனா நின்றது.

சுமை தூக்குபவரிடம், இது உன்னால் முடியாது, விடு என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. போன வருடம் ஒருவர் அப்படிச் சொல்லப்போய், மாப்பிள்ளை ஓர் இரும்புப் பெட்டியைத் தன்னந்தனியாக நாலு மாடி ஏற்றினார். மேலே போன பிறகுதான் அது கீழ்வீட்டுக்காரருடையது என்று தெரிந்தது.

“லேசானதை நீங்க வச்சுக்குங்க மச்சான். உங்க இடுப்புக்கு அதுதான் தாங்கும்.”

பிஎச்பி கட்டத்தில் ஓங்கி ஒரு டிக். தாள் கிழியாமல் தப்பியது.

மச்சானின் முகம் தொங்கிப்போயிற்று. கோபத்தில் அவசரப்பட வேண்டாம், வேறு தாள் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். கெஞ்சக் கெஞ்ச மாப்பிள்ளைக்கு உற்சாகம் ஏறியது. படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய், அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

வேறு வழியில்லாதவர் போல மச்சான் ஜாவாஸ்கிரிப்டில் டிக் போட்டார்.

இரண்டு படிவங்களிலும் முத்திரை விழுந்தது. இனி மாற்ற முடியாது என்றாள் அந்தப் பெண். வகுப்பறை மாடியில் இருக்கிறது, விருப்பமிருந்தால் பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

காலையில் போனில் அந்த ஆள் சொன்ன பெயர் பிஎச்பி.

மாப்பிள்ளை கிண்டல் செய்துகொண்டே படியேறினார். ஆறு மாதம் கழித்துத் தான் மேசையில் உட்கார்ந்து மணி அடிப்பாராம், மச்சான் வந்து டீ வைக்க வேண்டுமாம். சர்க்கரை எத்தனை கரண்டி என்று சொல்ல வந்தவர், முதல் திருப்பத்தில் பேச்சை நிறுத்தினார்.

கையில் ஒரு சாமான் இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பை மும்முரமாகப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல. என்னவோ போட்டிருக்கான், அதான் பாக்குறேன்.”

இரண்டு மாதமாக எந்த வீட்டு மாடியிலும் அவருக்கு இப்படி நின்று பார்க்க ஏதாவது கிடைத்துவிடுகிறது. ஒரு பூந்தொட்டி. யார் வீட்டுப் பூனையோ. தங்கையிடம் இதைச் சொல்லக் கூடாது என்று அவர் மச்சானிடம் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டுக்கொண்டால், ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும்.

மச்சான் பக்கத்தில் போய் நின்றார். எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கான அறிவிப்பு அது. எழுத்து எழுத்தாக, ஒரு வரி விடாமல், கடைசியில் இருந்த கையெழுத்து வரைக்கும் சத்தமாகப் படித்தார்.

மாப்பிள்ளைக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை.

மச்சான் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.