வராத காரின் ஸ்டியரிங் உறை

ஆம்பூரில் மழை வலுக்கிறது. இன்னும் விற்பனைக்கே வராத ஒரு குட்டி வேகக் காருக்காக ஜெஸ்டன் காலியாக வைத்திருக்கும் தகரக் கொட்டகைக்கு வெளியே, அவன் மனைவி பொன்மலரின் ஸ்கூட்டர் நனைகிறது. அவனோ கூடத்தில் சம்மணமிட்டு, ஷூ கம்பெனியில் வாங்கிவந்த சிவப்புத் துண்டுத் தோலில் அந்தக் காருக்கென்று தானே தைத்த ஸ்டியரிங் உறையை இல்லாத வளைவுகளில் திருப்புகிறான். “நாலு சக்கரமும் இழுக்கும் மலரு. ஏலகிரி கொண்டை ஊசி வளைவுல கூட ஆடாது, அசையாது, ரோட்டப் புடிச்சிக்கினு நிக்கும்.” “எப்ப வருதாம்?” “மறுபடியும் தள்ளி வெச்சிட்டாங்க.” பொன்மலருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுப்பிலிருந்து பிரியாணி டேக்சாவைத் தூக்கி வருகிறாள். “கை சுடுது, அத கீழ வைங்க.” பதறி உறையைத் தரையில் வைக்கிறான். சிவப்பு வளையத்தின் மேல் டேக்சா ஆடாமல் அசையாமல் உட்காருகிறது.